ஹமர்ஃபெஸ்ட் கட்டுரையில விடுபட்டுப்போன கதை

அன்பின் ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கட பத்திரிகையில வடக்கு நோர்வேயில இருக்கிற ஹமர்ஃபெஸ்ட் நகரத்தைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது, ஒஸ்லோவில இருக்கிற என்ர மகள் அதைப் படம் எடுத்து வாட்ஸப்பில அனுப்பி "அம்மா உங்கட ஊர் பேப்பரில வந்திருக்கு" எண்டு எழுதியிருந்தவள். உண்மையா எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு, ஏனெண்டா நோர்வே எண்டால் எங்கட ஆக்களுக்கு ஒஸ்லோ, பேர்கன், மிஞ்சிப்போனா துரொன்ட்ஹைம், அதுக்கு மேலயும் நாடு கிடக்கெண்டு கனபேர் யோசிக்கிறேல்ல. நான் 1989இல இருந்து இஞ்ச இருக்கிறன், மீன் பக்ரறியில வேலை செய்து மூண்டு பிள்ளையளை வளத்து இப்ப பென்சனில இருக்கிறன். அதால அந்தக் கட்டுரையை ஒண்டுக்கு மூண்டு தரம் வாசிச்சன், மூண்டாம் தரம் முடிக்கேக்க மனசுக்குள்ள ஒரு குறை வந்திட்டுது, அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

படங்கள் நல்ல வடிவு, அதில குறை சொல்ல ஒண்டும் இல்லை. துருவ ஒளியின்ர பச்சை வெளிச்சம் வானத்தில ஆடுறதை முப்பது வரியத்துக்கு மேல பாத்தும் எனக்கு அலுக்கேல்ல, இப்பவும் குப்பை போட வெளிய போற நேரம் மேல பாத்துக்கொண்டு நிண்டிடுவன். ஆனா உங்கட கட்டுரை முழுக்க வானம்தான் இருந்தது, அதுக்குக் கீழ இருக்கிற சனத்தைக் காணேல்ல.

முதல்ல சின்னத் திருத்தங்களைச் சொல்லிப்போட்டு விசயத்துக்கு வாறன். ஆறு மாசம் இரவு ஆறு மாசம் பகல் எண்டு எழுதியிருக்கிறியள், அது வடதுருவத்தில. நாங்கள் இருக்கிறது வட அகலக்கோடு 70 பாகை 39 கலையில, துருவத்துக்குப் போறதெண்டா இன்னும் 2,100 கிலோமீற்றருக்கு மேல கிடக்கு. இஞ்ச நவம்பர் 20, 22 அளவில சூரியன் போனா ஜனவரி 20, 21 அளவில திரும்பி வரும், ரெண்டு மாசக் கணக்குத்தான். இதை இஞ்சத்தைய ஆக்கள் மொர்க்கெதீட் எண்டு சொல்லுவினம், இருட்டுக்காலம். அதிலயும் மத்தியானத்தில கொஞ்ச நேரம் ஒரு நீல வெளிச்சம் வரும், அது பனியில பட்டு கடல், மலை, வீட்டுக் கூரை எல்லாம் ஒரே நீலமா நிக்கும், அந்த நேரம் தெருவில லைற் கூட மஞ்சளா வடிவா இருக்கும், அதை ஒரு கமெராக்காரரும் ஏன் எடுக்கிறேல்ல எண்டு எனக்கு விளங்கேல்ல. மே மாச நடுவில இருந்து ஜூலை கடைசி மட்டும் சூரியன் மறையாது, அப்ப பிள்ளையள் ராத்திரி பதினொண்டு மணிக்கும் பந்தடிச்சுக்கொண்டு நிப்பினம், நித்திரைக்கு இழுத்துக்கொண்டு வாறது பெரிய பாடு.

வெள்ளைக்கரடி தெருவில திரியும் எண்டதும் பிழை. கரடி எங்கட நகரத்துச் சின்னத்தில இருக்குது, ஏனெண்டா முந்தின காலம் இன்னும் வடக்க இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் வேட்டைக்குப் போன கப்பல் கனக்க இஞ்ச இருந்துதான் வெளிக்கிட்டது. 1963இல தொடங்கின வெள்ளைக்கரடிச் சங்கம் ஒண்டும் இருக்கு, அதில சேரோணும் எண்டா நேரில வந்துதான் பதியவேணும். மற்றப்படி தெருவில திரியுறது கலைமான்தான். அதுக்குப் பிறகு வாறன்.

"உலகத்தின் வடகோடி நகரம்" எண்ட தலைப்புக்கும் ஒரு சொல்லுச் சொல்லவேணும். ஹமர்ஃபெஸ்டுக்கு நகர உரிமை கிடைச்சது 1789இல, அதே ஆண்டிலதான் கிழக்குப் பக்கத்தில வார்டோவுக்கும் கிடைச்சது. ஆனா எங்களுக்கு வடக்க இருக்கிற ஹொன்னிங்ஸ்வோக் 1996இல தன்னை நகரம் எண்டு அறிவிச்சுப்போட்டுது. அடுத்த வரியம் நோர்வேயில சட்டம் வந்தது, 5,000 பேராவது இருந்தாத்தான் நகரம் எண்டு சொல்லலாம் எண்டு, அவைக்கு அந்தத் தொகை இல்லை ஆனா சட்டத்துக்கு முதலே சொல்லியாச்சு எண்டு அவை விடமாட்டினம். இது அண்ணன் தம்பி வழக்கு மாதிரி, அதை நாங்கள் அவையளோட விட்டிடுவம்.

இனி நான் சொல்ல வந்த விசயம். உங்கட நிருபர் "புதுப்புது வர்ணம் பூசின அழகான வீடுகள்" எண்டு எழுதியிருக்கிறார். ஐயா, 1789இல தொடங்கின நகரத்தில ஏன் ஒரு பழைய வீடு கூட இல்லை எண்டு அவர் ஒருக்கா யாரையாவது கேட்டிருக்கலாம். இந்த ஊரில இருக்கிற கட்டடங்களில யுத்தத்துக்கு முந்தினது எண்டு நிக்கிறது ஒரேயொரு சின்ன வெள்ளைச் சப்பல், அதாவது செபக்கூடம்தான், மயானத்தில இருக்கு, 1937இல கட்டினது. மிச்சம் எல்லாத்தையும் எரிச்சவங்கள்.

நான் வந்த புதுசில எங்களுக்குப் பக்கத்து வீட்டில என்னை விட மூத்த ஒரு அம்மா இருந்தவ. எனக்கு மொழி தெரியாது, அவவுக்கு நோர்வேஜியனை விட வேறொண்டும் தெரியாது, எண்டாலும் பின்னேரம் கோப்பி குடிக்கக் கூப்பிடுவா. ஒருநாள் கையாலயும் வாயாலயும் ஒருமாதிரி விளங்கப்படுத்தி எங்கட வீடு யாழ்ப்பாணத்தில எரிஞ்சுபோனதைச் சொன்னன். அவ கொஞ்ச நேரம் பேசேல்ல. பிறகு எழும்பி யன்னலடிக்குப் போய் கீழ இருக்கிற நகரத்தை முழுக்க ஒரு விரலால காட்டி, பிறகு அந்தக் கையை ஊதி விட்டா, சாம்பலை ஊதுற மாதிரி. எனக்கு விளங்கிச்சுது. அண்டைக்குப் பிறகுதான் நான் இந்த ஊரை வடிவாப் பாக்கத் தொடங்கினனான், அதுவரை எனக்கு இது குளிர், இருட்டு, மீன் மணம், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். ரெண்டாம் உலக யுத்தத்தில ஹமர்ஃபெஸ்ட் துறைமுகம் ஜெர்மன்காரரின்ர நீர்மூழ்கிக் கப்பலுகளுக்கு ஒரு தளமா இருந்தது, ஏனெண்டா அத்திலாந்திக்கால வாற சூட்டு நீரோட்டத்தால எங்கட கடல் உறையிறேல்ல. 1944 ஒக்டோபரில சோவியத் படை கிழக்க கிர்கெனெஸ் எண்ட ஊரைப் பிடிச்ச உடன, ஒக்டோபர் 28ஆம் திகதி ஹிட்லர் உத்தரவு போட்டான், எங்கட மாகாணமான ஃபின்மார்க் முழுவதிலயும் பக்கத்து மாகாணமான துரும்ஸின்ர வடக்கிலயும் ஆக்களை வெளியேத்திப்போட்டு பின்னால வாறவனுக்கு ஒரு கூரை கூட மிஞ்சாம எரிக்கச் சொல்லி. கிட்டத்தட்ட 50,000 பேரைக் கப்பலிலயும் மீன்பிடி வள்ளங்களிலயும் ஏத்தித் தெற்க அனுப்பினவை. ஏறக்குறைய 25,000 பேர் போகமாட்டம் எண்டு ஒளிச்சுக்கொண்டவை. வீடு மட்டும் 11,000 அளவில எரிஞ்சது, 106 பள்ளிக்கூடம், 27 கிறிஸ்தவக் கோயில், மாட்டுக்கொட்டில், பாலம், துறை, தந்திக்கம்பம் கூட விடேல்ல, கம்பம் ஆயிரக்கணக்கில வரும். ஹமர்ஃபெஸ்டை ஒரே நாளில எரிக்கேல்ல, மாசக்கணக்கில தெருத்தெருவா எரிச்சவங்கள், 1945 பெப்ரவரியில கடைசிப் படை வெளிக்கிடேக்க இஞ்ச அந்தச் சப்பலைத் தவிர ஒண்டும் நிக்கேல்ல.

ஒளிச்சவை எங்க ஒளிச்சவை எண்டு நினைக்கிறியள்? ஃபின்மார்க் குளிர்காலத்தில, சூரியன் இல்லாத அந்த ரெண்டு மாசத்தையும் சேத்து, குகையிலயும், புல்லும் மண்ணும் அடுக்கின குடிசையிலயும், கவிட்டுப் போட்ட வள்ளத்துக்குக் கீழயும். புகை தெரிஞ்சா ஆமி வந்திடும் எண்டு பகலில நெருப்பு மூட்டேலாது. அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்ப ஏழு வயசு, சொரோயா தீவில ஒரு குகைக்குள்ள குடும்பத்தோட இருந்தவ, குகைக்குள்ள ஒரு கைக்குழந்தை அழேக்க எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது இன்னும் காதுக்குள்ள கேக்குது எண்டு சொல்லுவா. பங்கருக்குள்ள இருந்த எங்களுக்கு இதுக்கு மொழிபெயர்ப்பு வேணுமே.

அந்தச் சொரோயா தீவில இருந்து 1945 பெப்ரவரி நடுவில பிரித்தானிய, கனேடியப் போர்க்கப்பல் நாலு வந்து 500க்கு மேற்பட்ட ஆக்களை ஏத்திக்கொண்டு சோவியத் துறைமுகமான மூர்மன்ஸ்குக்குப் போனது. அங்க இருந்து அவையைப் பிரிச்சு பிரித்தானியாவுக்குப் போற கப்பல் தொடரில ஏத்திவிட்டினம். அதில ஹென்றி பேக்கன் எண்ட அமெரிக்கச் சரக்குக் கப்பலில 19 நோர்வேக்காரர், பொம்பிளையள், பிள்ளையள் எல்லாம். புயலுக்குள்ள அந்தக் கப்பல் தொடரை விட்டுப் பின்தங்கிப்போய் பெப்ரவரி 23ஆம் திகதி ஜெர்மன் விமானங்களிட்ட மாட்டிச்சுது, டோர்பிடோ அடிச்சு கப்பல் தாழுது, உயிர்காப்புப் படகு எல்லாருக்கும் காணாது. கப்பலோட்டியள் தங்கட இடத்தை அந்த அகதியளுக்குக் குடுத்தவை. 19 பேரும் தப்பிச்சினம், ஒருத்தர் கூடக் குறையேல்ல. கப்பல் ஆக்களில இருபதுக்கு மேற்பட்டவை கடலோட போச்சினம், கப்ரனும் போனவர். இதை எழுதேக்கயே எனக்குக் கண் கலங்குது. கடலால ஓடி வந்த சனம் நாங்கள், முகம் தெரியாத ஒருத்தன் படகில இடம் தாறது எண்டா என்னெண்டு எங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டுரையில இது ஒரு வரி வந்திருந்தாக் கூட நான் இந்தக் கடிதம் எழுதியிருக்கமாட்டன்.

யுத்தம் முடிஞ்ச உடன அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமே, ஒருத்தரும் திரும்பிப் போகாதேங்கோ, அங்க வீடில்லை, கண்ணிவெடி கிடக்கு, முதல்ல பிளான் போட்டுக் கட்டுவம் பிறகு வாங்கோ எண்டு. சனம் கேக்கேல்ல. 1945 கோடையிலயே வள்ளத்தில ஏறி வந்திட்டினம், ஆமி விட்டிட்டுப் போன பலகையையும் தகரத்தையும் பொறுக்கிக் கொட்டில் அடிச்சு இருந்தவை, பிறகு பரக்கு எண்ட நீளத் தற்காலிகக் கட்டடங்களில வரியக்கணக்கா இருந்தவை, ஒரு பரக்குக்குள்ள கனக்கக் குடும்பம், ஒரே அடுப்பு. அப்பிடிக் கட்டி எழுப்பின ஊர்தான் உங்கட படத்தில இருக்கிற வர்ண வீடுகள். எல்லாம் ஒரே அளவு, கூரை சரிவு ஒரே மாதிரி, ஏனெண்டா கெதியா, மலிவா, கனக்கக் கட்டவேணும் எண்டு வரைஞ்ச வீடுகள் அது. வடிவுக்காகக் கட்டினதில்லை, ஆனா எனக்கு அதைப் பாத்தா வடிவாத்தான் கிடக்கு. 1961இல கட்டின பெரிய கோயிலைப் பாருங்கோ, முக்கோணம் முக்கோணமா எழும்பி நிக்கும், மீன் காயப்போடுற மரச் சட்டகத்தின்ர உருவம் எண்டு சொல்லுவினம். மீனால சீவிச்ச சனம் மீன் காயவைக்கிற சட்டத்தையே கோயிலாக் கட்டியிருக்கு, இதை விட நேர்மையான கோயில் நான் காணேல்ல. இதையெல்லாம் வடிவா விளங்கிறதெண்டா மீள்கட்டுமான நூதனசாலை இருக்கு, எரிஞ்ச கதையும் பரக்குக் கதையும் அங்க இருக்கு, உங்கட நிருபர் அதின்ர வாசலைத் தாண்டித்தான் ஹொட்டலுக்குப் போயிருப்பார்.

இது எங்கட ஊர் எரிஞ்ச முதல் தரமும் இல்லை. 1890இல பெரிய நெருப்பு வந்து கிட்டத்தட்டப் பாதி போச்சுது. அப்ப ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் பெரிய தொகை உதவி செய்தவர், அவர் தன்ர கப்பலில இந்தப் பக்கம் உல்லாசமா வந்து போறவர். ஒரு ஜெர்மன்காரர் கட்ட உதவி செய்தார், அதுக்கு 54 வரியத்துக்குப் பிறகு வந்த ஜெர்மன்காரர் எரிச்சுப்போட்டுப் போனவை, இதை நான் யாரையும் குத்திக்காட்டச் சொல்லேல்ல, சரித்திரம் அப்பிடி. அந்த நெருப்புக்கு அடுத்த வரியமே, 1891இல, தெருவுக்கு மின்சார லைற் போட்டவை, வட ஐரோப்பாவில முதல் ஊர் எண்ட பேர் அதால வந்தது. எரிஞ்சு ஒரு வரியம் ஆகேல்ல, சனம் லைற்றைப் பற்றி யோசிச்சிருக்கு. 1893இல கரையோரக் கப்பல் சேவையான ஹூர்த்திக்ரூட்டன் தொடங்கேக்கயும் முதல் கப்பல் துரொன்ட்ஹைமில இருந்து ஹமர்ஃபெஸ்டுக்குத்தான் வந்தது.

எங்கட ஆக்களைப் பற்றியும் கட்டுரையில ஒண்டும் இல்லை, ஒரு தமிழ்ப் பத்திரிகையில அது எனக்குக் கவலையா இருந்தது. 1980களில ஃபின்மார்க் கரையோர மீன் பக்ரறியளுக்கு ஆக்கள் காணாது, உள்ளூர்ப் பொடியள் தெற்க போயிட்டுதுகள், அந்த இடத்துக்குத்தான் ஈழத்தில இருந்து எங்கட பொடியள் வந்தவை, கனபேர் முதல்ல மக்கள் உயர்கல்லூரி எண்டு சொல்லுற தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிறகு வேலைக்கு வந்தவை. என்ர மனிசனும் அப்பிடித்தான், அவர் வந்து ரெண்டு வரியத்துக்குப் பிறகு நான். ஹமர்ஃபெஸ்டில 1950களின்ர தொடக்கத்தில ஃபின்டுஸ் நிறுவனம் வந்து மீன் வெட்டி உறையவைக்கிற ஆலை போட்டது, எரிஞ்ச ஊருக்கு வேலை குடுத்தது அதுதான், அதுக்குப் பிறகு ஊரில எத்தினையோ தலைமுறை மீனைத்தான் நம்பியிருந்தது. நான் வேலை செய்த இடத்தின்ர பேர் தேவையில்லை. லைற் மேசைக்கு முன்னால நிண்டு ஃபிலே எண்ட மீன் துண்டைப் பிரட்டிப் பாத்து முள்ளும் புழுவும் எடுக்கிறது, கைக்குக் கையுறை போட்டும் விரல் விறைச்சுப்போகும், கிலோக் கணக்குக்குக் காசு எண்டபடியா தலை நிமித்த நேரமில்லை. எனக்குப் பக்கத்தில நிண்டது ஃபின்லாந்துப் பெட்டை, அங்கால சாமி எண்ட வடக்குப் பூர்வகுடி இனப் பொம்பிளை ஒராள், நாங்கள் மூண்டு பேரும் மூண்டு விதமா நோர்வேஜியனைப் பிழையாக் கதைச்சு வேலை பழகினது.

பிறகு 1990 அளவில பாரன்ட்ஸ் கடலில தொர்ஸ்க் எண்ட கொட் மீன் குறைஞ்சு பிடிக்கிற அளவையும் நல்லாக் குறைச்சவை, பக்ரறியள் ஒண்டொண்டா ஆட்டம் கண்டுது, எங்கட சனம் பெட்டி கட்டி ஒஸ்லோவுக்குப் போச்சுது. பிள்ளையளின்ர படிப்பு, தமிழ்ப் பள்ளிக்கூடம், கோயில், சொந்தக்காரர், எல்லாம் அங்க, நான் பிழை சொல்லேல்ல. எங்களுக்கும் போற யோசினை இருந்தது. ஆனா அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின்ர கதையைக் கேட்ட பிறகு எனக்கு ஏனோ இஞ்ச இருந்து போக மனம் வரேல்ல.

இப்ப ஊரின்ர கதை எரிவாயுவில, காஸில நிக்குது. 1984இல கடலுக்கடியில கண்டுபிடிச்ச ஸ்னோவிட் காஸ் 143 கிலோமீற்றர் குழாயால மெல்க்கோயா தீவுக்கு வருது, 2007இல இருந்து அங்க அதைக் குளிராக்கித் திரவமாக்கிக் கப்பலில ஏத்துறாங்கள். அதின்ர வரிக் காசில பள்ளிக்கூடம், கலாசார மண்டபம் எல்லாம் வந்தது, பொடியள் திரும்பி வந்தவை, அது உண்மை. 2020 செப்ரெம்பரில அங்க நெருப்புப் பிடிச்ச அண்டைக்கு இந்த ஊர்ச் சனம் யன்னலடியில நிண்ட நிலையை நான் மறக்கமாட்டன், ஒருத்தருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, ஆனா திரும்பத் திறக்க 2022 ஜூன் ஆச்சுது. இப்ப அந்த ஆலையைக் கரையில இருந்து வாற மின்சாரத்தால ஓட்டுறதுக்கு 2023இல அரசாங்கம் ஓம் எண்டிட்டுது, அதுக்குப் பெரிய மின்கம்பி இழுக்கவேணும், கலைமான் மேய்க்கிற சாமி மக்கள் தங்கட மேய்ச்சல் நிலம் துண்டுபடும் எண்டு எதிர்க்கினம். ஊர் ரெண்டா நிக்குது. நான் அவையின்ர பக்கம். கோடையில கலைமான் கூட்டம் நகரத்துக்குள்ள வந்து பூந்தோட்டத்தைத் திண்டிட்டுது எண்டு ஊரைச் சுத்தி வேலி போட்ட சனம் நாங்கள், அந்த மிருகத்துக்கு ஊர் இருக்கிற இந்தத் தீவு எங்களுக்கு முந்தின ஊர். காஸ் முடிஞ்சு போற நாளிலயும் மேய்க்கிறவை இஞ்ச இருப்பினம்.

ஒரு வேண்டுகோளோட முடிக்கிறன். உங்கட நிருபரை இன்னொருக்கா அனுப்புங்கோ, குளிர்காலத்தில வானம் பாக்க வேண்டாம், ஜூன் மாசம் அனுப்புங்கோ, எங்கட வீட்டில தங்கலாம். ஃபுக்லெனெஸ் முனையில 1854இல வைச்ச ஒரு தூண் நிக்குது, கருங்கடல் பக்கத்தில இருந்து இந்தக் கரை மட்டும் 2,820 கிலோமீற்றர் அளந்து பூமியின்ர உருவத்தைக் கண்டுபிடிச்சவை, அந்த அளவையின்ர வடக்கு முனை அதுதான், 2005இல யுனெஸ்கோ பட்டியலில சேத்தவை, அதையும் பாக்கலாம். ஆனா முதல்ல அந்தச் சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போவன். யுத்தத்தை அனுபவிச்ச ஆக்களில இப்ப உயிரோட இருக்கிறவை கொஞ்சப்பேர்தான், எல்லாருக்கும் எண்பதுக்கு மேல, அவையோட ஒருக்கா இருந்து கதைச்சு எங்கட பாசையில எழுதி வையுங்கோ. மொழிபெயர்க்க நான் வாறன்.

என்ர பக்கத்து வீட்டு அம்மா போன வரியம் ஜனவரியில, சூரியன் வர நாலு நாள் இருக்கேக்க காலமானவ. அந்தச் சப்பலுக்குப் பக்கத்திலதான் அடக்கம் செய்தது.

இப்படிக்கு,
ஹமர்ஃபெஸ்டில இருந்து உங்கள் வாசகி